வடக்கு கானாவில் தன்னார்வலராக வாழ்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

மேற்கு ஆப்பிரிக்காவுக்குத் தன்னார்வலராகக் கிளம்புகிறவரிடம் நம் ஊரில் எல்லோரும் கேட்பது, "அங்கே போய் என்ன வேலை?" போய் இறங்கியதும் அந்த ஊர் கேட்பது வேறு: "யார் வீட்டு விருந்தாளி?" இந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் இல்லாதவருக்கு ஊர் சிரித்த முகம் காட்டும், சோறும் போடும். ஆனால் நம்பி ஒரு வேலையை ஒப்படைக்காது. அதனால் இந்த வழிகாட்டியில் வேலையைப் பற்றிக் கொஞ்சமும், அங்கே இருப்பதைப் பற்றி நிறையவும் சொல்லப் போகிறேன்.

மேற்கு ஆப்பிரிக்கா என்று பொதுவாகப் பேசினால் உருப்படியாக எதுவும் சொல்ல முடியாது. செனகலுக்குப் பிரெஞ்சும் வோலோஃபும் வேண்டும். நைஜரில் ஹவுசா வேண்டும். கானாவுக்குள்ளேயே தெற்கில் இருக்கும் அகான் ஊர்களின் பழக்கம் வேறு, வடக்கின் பழக்கம் வேறு. நான் எடுத்துக்கொள்வது ஒரே பகுதி: தமாலே நகரைச் சுற்றியுள்ள டகோம்பா கிராமங்கள். டக்போன் என்பது இந்த மக்களின் பழைய அரசு. மொழி டக்பானி. பெரும்பாலோர் முஸ்லிம்கள். பள்ளியிலும் அலுவலகத்திலும் ஆங்கிலம் நடக்கும்.

வெளிநாட்டுத் தன்னார்வலர் அங்கே புது அதிசயம் இல்லை. பீஸ் கோர்ப்ஸ் என்ற அமெரிக்க அரசுத் தன்னார்வலர் அமைப்பின் முதல் குழு 1961 ஆகஸ்டில் வந்து இறங்கியதே கானாவின் தலைநகர் அக்ராவில்தான். அன்று முதல் வந்தவர்கள், போனவர்கள், கிணறு வெட்டுகிறேன் என்று பாதியில் விட்டவர்கள் என எல்லோரையும் பார்த்துப் பழகிய நாடு அது. உங்களையும் அளந்துதான் பார்ப்பார்கள்.

படி 1: யார் கூப்பிட்டார்கள் என்று கேளுங்கள்

ஐ.நா. தன்னார்வலர் திட்டம் போன்ற பெரிய அமைப்புகள் வழியாகப் போனால் வாழ்க்கைச் செலவுக்குப் படி உண்டு, காப்பீடு உண்டு, தேர்வும் கடுமை. நீங்களே பணம் கட்டிப் போகிற குறுகிய காலத் திட்டங்கள் நிறைய இருக்கின்றன. அவற்றில் நல்லதும் உண்டு, வெறும் சுற்றுலாவும் உண்டு. பணம் கட்டும் முன் நான்கு கேள்விகளை எழுத்தில் கேளுங்கள். இந்த வேலையை ஊரில் யார் கேட்டார்கள்? எனக்கு முன் யார் செய்தார்? நான் போன பிறகு யார் செய்வார்? நான் யார் வீட்டில் தங்குவேன்? கடைசிக் கேள்விக்கு "விருந்தினர் விடுதி" என்று பதில் வந்தால் கொஞ்சம் யோசியுங்கள்.

அனாதை இல்லத் திட்டங்களுக்குப் போகவே வேண்டாம் என்பது என் கட்சி. அப்படிப்பட்ட இல்லங்களில் பெற்றோரோ நெருங்கிய உறவினரோ உள்ள குழந்தைகள் பலர் இருப்பது கானாவிலும் தெரிந்த விஷயம். குழந்தைகளை இல்லங்களிலிருந்து குடும்பங்களுக்கே திருப்பி அனுப்புவதுதான் அந்நாட்டு சமூகநலத் துறையின் கொள்கை. வெளிநாட்டவர் பணம் கட்டி வந்துகொண்டே இருந்தால் இல்லங்களை மூட யாருக்கும் மனசு வராது.

படி 2: ஊசியும் காகிதமும்

இந்தியக் கடவுச்சீட்டுக்கு விசா தேவை. கானாவின் தூதரகம் டெல்லியில் இருக்கிறது. அழைப்புக் கடிதத்தில் நீங்கள் தங்கும் ஊரும் பொறுப்பாளரின் பெயரும் தெளிவாக இருக்கட்டும். விமான நிலையத்தில் கொடுக்கும் அனுமதிக் காலம் விசாவில் எழுதியிருப்பதைவிடக் குறைவாக இருக்கலாம். முத்திரையை அங்கேயே நின்று படித்துப் பாருங்கள். நீட்டிக்க வேண்டுமானால் தமாலேயில் உள்ள குடிவரவு அலுவலகத்தில் முடிக்கலாம், ஆனால் கடைசி வாரம் வரை தள்ளிப்போடக் கூடாது.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் இல்லாமல் கானாவுக்குள் நுழைய முடியாது. ஊசி போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் அது செல்லும். 2016-க்குப் பிறகு வாழ்நாள் முழுவதும் செல்லும் என்றாகிவிட்டது. சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். முன்கூட்டியே நாள் கேட்டுக்கொண்டு கடவுச்சீட்டோடு போங்கள். அந்த மஞ்சள் அட்டையைத் தொலைத்தால் சிக்கல் கானாவில் மட்டும் இல்லை. திரும்பி வரும்போது அட்டை இல்லாதவரை இந்திய விமான நிலையத்தில் ஆறு நாள் வரை தனிமையில் வைக்கலாம். இரண்டு புகைப்பட நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது மூளைக்காய்ச்சல் ஊசி. செனகலிலிருந்து எத்தியோப்பியா வரை ஓடும் மூளைக்காய்ச்சல் பட்டைக்குள் வடக்கு கானா இருக்கிறது. வறண்ட மாதங்களில்தான் நோய் பரவும். 'ஏ' வகைக்கு எதிராக 2010 முதல் இந்தப் பட்டை முழுக்கப் போட்ட மலிவுத் தடுப்பூசி புனே சீரம் நிறுவனத்தில் தயாரானது. அந்த வகை அடங்கினாலும் மற்ற வகைகள் இருக்கின்றன. எனவே நான்கு வகைக்கும் சேர்த்த ஊசியைக் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். டைபாய்டு, மஞ்சள் காமாலை ஏ மற்றும் பி, டெட்டனஸ், வெறிநாய்க்கடி முன்தடுப்பு ஆகியவற்றை மருத்துவரிடம் பேசி முடிவு செய்யுங்கள்.

மலேரியாவில்தான் நம்மவர்கள் அலட்சியம் காட்டுகிறார்கள். "எங்க ஊர்லயும் மலேரியா உண்டு, நமக்குப் பழக்கம்" என்பார்கள். சென்னையில் பெரும்பாலும் பார்ப்பது வைவாக்ஸ் வகை. அங்கே இருப்பது ஃபால்சிபாரம். இரண்டு மூன்று நாளில் ஆளைக் கொல்லக் கூடியது. நமக்கு அதற்கு எதிர்ப்புச் சக்தி கிடையாது. தடுப்பு மாத்திரையாக டாக்ஸிசைக்ளின் தினம் ஒன்று, கிளம்புவதற்கு ஓரிரு நாள் முன் தொடங்கி, திரும்பி வந்து நான்கு வாரம் வரை. அடோவாகுவோன்-புரோகுவானில் என்றால் திரும்பி வந்து ஏழு நாள் போதும், விலை கூடுதல். மெஃப்லோகுயின் வாரம் ஒருமுறை, ஆனால் மனநலப் பிரச்சினை இருந்தவர்களுக்கு ஆகாது. எது என்பதை மருத்துவர் சொல்லட்டும். மாத்திரையே வேண்டாம் என்று நீங்களே முடிவெடுக்காதீர்கள். வருடக்கணக்கில் அங்கே இருக்கும் இந்தியர்கள் "நாங்க ஒண்ணும் போடறதில்லையே" என்று சொல்வார்கள். சரி சரி என்று கேட்டுவிட்டு மாத்திரையைப் போடுங்கள்.

படி 3: பெட்டியில் என்ன வைப்பது

மருந்து தெளித்த கொசுவலை, தலையில் மாட்டும் டார்ச், பவர்பேங்க், மூன்று சதுர முனைப் பின்னுக்கு அடாப்டர், மூடிய காலணி, முழங்காலுக்குக் கீழே வரும் பருத்தி ஆடைகள். மின்வெட்டுக்கு அங்கே தும்சோ என்று பெயர். அது எப்போது வரும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

ராணுவப் புள்ளி போட்ட பச்சைச் சட்டையும் கால்சட்டையும் கானாவில் பொதுமக்கள் அணியக் கூடாது, சட்டப்படி குற்றம். பேஷன் என்று வாங்கிய பை அந்த நிறத்தில் இருந்தால் அதையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

சமையலுக்குக் கடுகும் பெருங்காயமும் துவரம்பருப்பும் எடுத்துப் போகலாம். புளியைச் சுமக்க வேண்டாம். புளியமரத்தின் பூர்வீகமே ஆப்பிரிக்காதான், வடக்கு கானாச் சந்தையில் கிடைக்கும். முருங்கைக்கீரையும் அப்படியே. காயை மட்டும் யாரும் சமைத்து நான் பார்க்கவில்லை. உங்கள் வாசலில் முருங்கைக்காய் முற்றி வெடித்து வீணாகும்போது வயிறு எரியும், தயாராக இருங்கள்.

படி 4: அக்ராவிலிருந்து தமாலேவுக்கு

சாலை வழியாக 600 கிலோமீட்டருக்கு மேல். பேருந்தில் 12 மணி நேரம் அல்லது அதற்கும் கூட ஆகும். விமானத்தில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். முதல் முறை போகும்போது பகல் பேருந்தில் போங்கள். இரவுச் சாலையில் விளக்கில்லாமல் நிற்கும் லாரிகள்தான் பெரிய ஆபத்து. பகலில் போனால் பசுமை குறைந்து மரங்கள் விலகி, கொட்டையிலிருந்து வெண்ணெய் எடுக்கும் ஷியா மரங்கள் நிற்கும் புல்வெளியாக நாடு மாறுவதையும் பார்க்கலாம்.

தமாலேயிலிருந்து கிராமத்துக்கு ட்ரோட்ரோ என்ற சிறு வேன். ஆள் நிரம்பினால்தான் கிளம்பும். நேரம் கேட்டால் "இப்போதே" என்பார்கள். நகருக்குள் 'யெல்லோ-யெல்லோ' எனப்படும் ஆட்டோ. மற்றபடி எல்லோரும் மோட்டார் பைக். ஹெல்மெட் போடுகிறவர் குறைவு, நீங்கள் போடுங்கள்.

வடகிழக்கு மூலையில் உள்ள பாக்கூ பக்கம் தலைமைப் பதவித் தகராறு பல காலமாக நடக்கிறது, சுடுவதும் நடக்கிறது. ஊர் சுற்றிப் பார்க்கிறேன் என்று அங்கே போக வேண்டாம்.

படி 5: ஊர்த் தலைவரைப் பார்க்காமல் எதையும் தொடங்காதீர்கள்

இதுதான் இந்த வழிகாட்டியின் நடுமையம். பொறுமையாகப் படியுங்கள்.

நீங்கள் தங்கும் வீட்டுப் பெரியவர் உங்கள் பொறுப்பாளர். ஊருக்கும் உங்களுக்கும் நடுவில் அவர்தான் வாசல். வந்த அன்றோ மறுநாளோ அவர் உங்களைத் தலைவரின் வீட்டுக்குக் கூட்டிப் போவார். கூட்டிப் போகவில்லை என்றால் நீங்களே கேளுங்கள், தனியாக மட்டும் போகாதீர்கள். திங்களும் வெள்ளியும் பெரியவர்கள் தலைவரை வணங்கப் போகும் நாட்கள் என்பதால் அன்று கூட்டம் இருக்கும், முரசும் கேட்கும்.

தலைவருக்குக் காணிக்கையாகக் கோலாக் கொட்டை வாங்கிக்கொள்ளுங்கள். சந்தையில் ஈரத் துணியில் மூடி வைத்து விற்பார்கள், வெள்ளையும் சிவப்பும் கலந்து வாங்கலாம். இப்போது கோலாவுக்குப் பதில் சிறு தொகையை "கோலா" என்றே சொல்லிக் கொடுப்பதும் ஏற்கப்படுகிறது. எவ்வளவு என்று பொறுப்பாளரிடம் கேளுங்கள். அதிகம் கொடுத்துப் பெயர் வாங்கப் பார்க்காதீர்கள், அடுத்து வருபவருக்கு அது தலைவலி.

முதலில் வாசலில் உள்ள வட்டமான கூரை அறையில் காத்திருக்க வேண்டும். உள்ளே நுழையும் முன் செருப்பையும் தொப்பியையும் கழற்றுங்கள். தலைவர் விலங்குத் தோல்களின் மேல் அமர்ந்திருப்பார். வடக்கில் தலைமையின் அடையாளம் தோல், தெற்கின் அகான் மக்களுக்கு அது முக்காலி. குந்தி உட்கார்ந்து வணக்கம் சொல்லுங்கள். கை நீட்டாதீர்கள். கால் மேல் கால் போடாதீர்கள். நீங்கள் சொல்வதை ஊலானா என்ற பேச்சாளர் வாங்கித் தலைவரிடம் சொல்வார், பதிலும் அவர் வழியாகவே வரும். தலைவருக்கு நல்ல ஆங்கிலம் தெரிந்திருந்தாலும் இப்படித்தான். நேராகத் திரும்பிப் பேசி விஷயத்தைச் சீக்கிரம் முடிக்கலாம் என்று தோன்றும், அடக்கிக்கொள்ளுங்கள்.

சொல்ல வேண்டியது சுருக்கம்தான்: என் பெயர் இது, இன்னார் வீட்டில் தங்கியிருக்கிறேன், இந்த வேலைக்கு வந்திருக்கிறேன், இத்தனை மாதம் இருப்பேன், உங்கள் அனுமதி வேண்டும். திட்டத்தின் பட்ஜெட்டை அங்கே விளக்க வேண்டியதில்லை. இந்தச் சந்திப்புக்குப் பிறகு ஊருக்குள் உங்களுக்கு ஏதாவது நடந்தால் அது தலைவரின் கவலை. அந்தப் பாதுகாப்பை எந்தக் காப்பீடும் கொடுக்காது.

ஒரு எச்சரிக்கை. யா நா என்ற பட்டம் கொண்ட டக்போன் அரசர் யெண்டி நகரில் இருக்கிறார். அரியணைக்கு உரிய இரு குலங்களுக்கிடையே நடந்த மோதலில் 2002 மார்ச்சில் அப்போதைய அரசர் கொல்லப்பட்டார். தெற்கில் உள்ள அசாந்தி மக்களின் மன்னர் தலைமையிலான சமரசக் குழு பல ஆண்டுகள் உழைத்த பிறகு, 2019 ஜனவரியில் புது யா நா பதவியேற்றார். எந்தக் குலம் சரி என்று யாரிடமும் கேட்காதீர்கள். டீக்கடை அரசியல் பேசிப் பழகிய நமக்கு இது கஷ்டம்தான்.

படி 6: வணக்கம் சொல்வதற்கு நேரம் ஒதுக்குங்கள்

காலையில் "தசிபா", பகலில் "அன்டிரே", மாலையில் "அனின்வுலா". எல்லாவற்றுக்கும் பதில் "நா". இதோடு முடிவதில்லை. எப்படித் தூங்கினாய், வீட்டில் எல்லோரும் எப்படி, வேலை எப்படி என்று வரிசையாக வரும். ஒவ்வொன்றுக்கும் "நா". பெரியவராக இருந்தால் கொஞ்சம் குனிந்தோ குந்தியோ சொல்ல வேண்டும். வேலை செய்துகொண்டிருப்பவரைக் கடக்கும்போது "நி துமா" என்று சொல்லுங்கள், முகம் மலரும்.

வீட்டிலிருந்து பள்ளிக்குப் பத்து நிமிட நடை என்றால் அரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். வணக்கம் சொல்லாமல் கடந்து போனவர் அன்று கோபமாக இருக்கிறார் என்றே ஊர் எடுத்துக்கொள்ளும். மாலையில் பொறுப்பாளரிடம் யாராவது விசாரிப்பார்கள். காதில் இயர்போன் மாட்டி நடப்பதை விட்டுவிடுங்கள்.

நமக்கென்று தனியாக ஒன்று. தலையைப் பக்கவாட்டில் ஆட்டி ஆமோதிக்கும் நம் பழக்கம் அங்கே "இல்லை" என்று படிக்கப்படும். வாயால் "சரி" சொல்லப் பழகுங்கள். இடது கையால் கொடுப்பது, வாங்குவது, கையசைப்பது எல்லாமே அவமரியாதை. இது நமக்குப் பழக்கமானதுதான் என்றாலும் இடது கையில் ஃபோனும் வலது கையில் பையும் இருக்கும்போது மறக்கும்.

குழந்தைகள் "சிலிமிங்கா!" என்று கத்திக்கொண்டு பின்னால் ஓடி வருவார்கள். வெள்ளைக்காரரைக் கூப்பிடும் பெயர்தான், நம் நிறத்தைப் பார்த்தும் அப்படியே கூப்பிடுவார்கள். கோபப்பட ஒன்றுமில்லை. கொஞ்ச நாளில் சுஹுயினி, வும்பினி என்று ஏதாவது ஒரு பெயர் வைப்பார்கள், அப்புறம் அதைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள்.

இந்தியர் என்றால் அங்கே மக்கள் மனதில் இரண்டு படங்கள் இருக்கின்றன. ஒன்று, தெற்கு கானாவின் ட்வி மொழியில் குரல் கொடுத்து ஒளிபரப்பாகும் இந்தி சீரியல்கள். மாமியார் மருமகள் கதை அடுத்து என்ன ஆகும் என்று உங்களிடம் கேட்பார்கள். இன்னொன்று, நகரங்களில் கடையும் ஆலையும் நடத்தும் முதலாளிகள். வேலைக்காரரை அதட்டும் முதலாளி என்ற பெயரும் அதோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. கானா பல்கலைக்கழகத்தில் 2016-ல் வைத்த காந்தி சிலையை, ஆப்பிரிக்கர்களைப் பற்றி அவர் இளமையில் எழுதியவற்றைச் சுட்டிக்காட்டிப் பேராசிரியர்களும் மாணவர்களும் எதிர்த்ததால் 2018 டிசம்பரில் அகற்றினார்கள். இதை யாராவது எடுத்தால் வக்காலத்து வாங்காமல் கேளுங்கள். நிறத்தை வைத்துத் தமிழில் நாம் சாதாரணமாக விடும் கிண்டல்களை வீட்டுக்கு ஃபோன் பேசும்போதுகூட விட வேண்டாம். தொனி எல்லா மொழியிலும் புரியும்.

பழைய தொடர்பு ஒன்றும் உண்டு. இரண்டாம் உலகப் போரில் கோல்டு கோஸ்ட் (கானாவின் காலனிக் காலப் பெயர்) வீரர்கள் 81, 82-வது மேற்கு ஆப்பிரிக்கப் படைப்பிரிவுகளில் சேர்ந்து பர்மாவில் சண்டையிட்டார்கள். அதில் வடக்குப் பகுதிக்காரர்கள் நிறைய. அக்ராவின் ராணுவத் தலைமையகத்துக்கு இன்றும் பர்மா முகாம் என்றே பெயர். "எங்கள் தாத்தா இந்தியா வழியாகப் போனவர்" என்று சொல்லும் குடும்பம் கிடைத்தால் உட்கார்ந்து கேளுங்கள்.

படி 7: முற்றம், தண்ணீர், துணி

நடுவில் முற்றம், சுற்றி மண்ணறைகள், எல்லாவற்றையும் சேர்த்து ஒரு சுவர். உங்களுக்கு ஓர் அறை கிடைக்கும். தனிமை கிடைக்காது. கதவைச் சாத்திக்கொண்டு பகலில் உள்ளேயே இருந்தால் உடம்புக்கு முடியவில்லை என்று ஆள் வந்து எட்டிப் பார்க்கும். படிக்கவோ எழுதவோ வேண்டுமானால் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து செய்யுங்கள். காலனிக் காலத்தில் இந்தியாவிலிருந்து போன மரம் அது, இப்போது வடக்கில் ஊருக்கு ஊர் நிற்கிறது.

தண்ணீர் கொண்டுவருவது பெண்களும் சிறுமிகளும். கோடையில் தூரம் கூடும். ஒரு வாளிக்குள் குளித்து முடிக்கப் பழகுங்கள். குடிக்க 500 மில்லி பாக்கெட் தண்ணீர், 30 பாக்கெட் கொண்ட மூட்டையாக வாங்கலாம். குட்டைத் தண்ணீரை வடிகட்டிக் கொதிக்க வைக்காமல் குடிக்க வேண்டாம். தமாலேக்கு வடக்கே உள்ள சாவெலுகுவில் 2007 வரை நரம்புச் சிலந்தி நோய் பெரிதாகப் பரவியது. துணி வடிகட்டியும், வீடு வீடாகப் போன ஊர்த் தன்னார்வலர்களும் சேர்ந்துதான் அதை ஒழித்தார்கள். 2015-ல் உலக சுகாதார நிறுவனம் கானாவை அந்நோய் இல்லாத நாடாக அறிவித்தது. அணையிலும் குட்டையிலும் நீந்தாதீர்கள், நத்தை வழியாகப் பரவும் ஒட்டுண்ணி தோல் வழியே ஏறும்.

கழிப்பறைக்குப் பிளாஸ்டிக் கெண்டி உண்டு. இந்த விஷயத்தில் ஐரோப்பியத் தன்னார்வலர்கள் படும் பாடு நமக்கு இல்லை. உள்ளாடைகளை நீங்களே துவையுங்கள், வீட்டுப் பெண்களிடம் கொடுக்க வேண்டாம். வெளியே காய்ந்த துணியை இஸ்திரி போட்டு உடுத்துங்கள். ஈரத் துணியில் ஒருவகை ஈ முட்டையிடும், புழு தோலுக்குள் புகும்.

நவம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை சஹாராவிலிருந்து ஹர்மட்டான் காற்று. வானம் புழுதி நிறம், இரவில் குளிர், உதடு வெடிக்கும். பக்கத்து வீட்டுப் பெண்கள் கடையும் ஷியா வெண்ணெய்தான் மருந்து. மார்ச், ஏப்ரலில் 40 டிகிரி வெயில். மே முதல் அக்டோபர் வரை மழை.

படி 8: சாப்பாடு

காலையில் கம்பு மாவில் காய்ச்சும் கோக்கோ, தொட்டுக்கொள்ளக் காராமணி அரைத்துச் சுட்ட கோசே. நம் நாக்குக்கு இது வேற்று நாட்டு உணவே இல்லை. மதியம் வாச்சே, அரிசியும் காராமணியும் சேர்த்து வேகவைத்தது. இரவுக்கு துவோ சாஃபி: மக்காச்சோள மாவைக் கிண்டிக் களியாக்கி, அயோயோ கீரைக் குழம்போ நிலக்கடலைக் குழம்போ ஊற்றித் தருவார்கள். கேழ்வரகுக் களி விழுங்கத் தெரிந்தவருக்குப் பயிற்சி தேவையில்லை. மெல்லாமல் வழுக்கி இறக்க வேண்டும். வாசனை கொஞ்சம் தூக்கலாக இருந்தால் அது தவாதவா, புளிக்கவைத்த மரக்கொட்டை.

ஒரே தட்டில் பலர் கை வைத்துச் சாப்பிடுவது வழக்கம். உங்கள் பக்கத்தில் உள்ளதை மட்டும் எடுங்கள். இறைச்சித் துண்டைப் பெரியவர் பிரித்துக் கொடுக்கும் வரை தொடாதீர்கள். சாப்பிடும்போது யாராவது கடந்து போனால் "வாங்க, சாப்பிடலாம்" என்று கூப்பிட்டே ஆக வேண்டும். உங்களைக் கூப்பிட்டால் ஒரு வாய் எடுத்து நன்றி சொன்னால் போதும்.

சைவர்களுக்கு உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: கஷ்டம். கீரைக் குழம்பிலும் கருவாட்டுத் தூள் இருக்கும், கறிச்சாறுக் கட்டி இருக்கும். "கறி சாப்பிட மாட்டேன்" என்றால் துண்டை மட்டும் எடுத்துவிட்டுக் கொடுப்பார்கள். "என் குலத்துக்கு ஆகாது" என்று சொல்லுங்கள். குலத்துக்கு விலக்கான விலங்கு என்ற வழக்கம் அங்கேயும் உண்டு என்பதால் மேற்கொண்டு யாரும் வற்புறுத்துவதில்லை. வேகவைத்த சேனைவள்ளி, காராமணி, முட்டை, வேர்க்கடலை ஆகியவற்றோடு மாடு வளர்க்கும் ஃபுலானி மக்கள் செய்யும் வகாஷி என்ற பாலாடைக்கட்டி இருக்கிறது. பசும்பாலை எருக்கு இனச் செடியின் சாற்றால் திரித்துச் செய்வது. எருக்கம்பால் நஞ்சு என்று வளர்ந்த நமக்கு முதலில் தயக்கம் வரும். பொரித்த வகாஷி பனீரைத் தோற்கடிக்கும் என்பேன். குடிக்கப் புளிச்சைப் பூவில் செய்யும் சோபோலோ.

சந்தை ஆறு நாளுக்கு ஒருமுறை கூடும். எனவே "செவ்வாய்க்கிழமை சந்தை" என்று மனப்பாடம் செய்ய முடியாது. வீட்டுச் சிறுவர்களிடம் கேளுங்கள், சரியாகச் சொல்வார்கள். விலை கேட்கும்போது வயதான பெண்கள் பழைய கணக்கில் சொல்லலாம். கானாவின் நாணயம் சீடி. 2007-ல் 10,000 பழைய சீடியை 1 புது சீடி ஆக்கினார்கள். "பத்தாயிரம்" என்றால் மயங்கி விழ வேண்டாம்.

படி 9: பணமும் கேட்பவர்களும்

பணம் எடுக்கும் இயந்திரம் தமாலேயில்தான். ஊருக்குள் எல்லாம் மோமோ, அதாவது ஃபோன் வழிப் பணம். சிம் அட்டையைத் தெருவில் வாங்காமல் நிறுவன அலுவலகத்தில் கடவுச்சீட்டைக் காட்டி வாங்கி, மோமோ கணக்கையும் அங்கேயே திறந்துகொள்ளுங்கள்.

"உன் கடிகாரத்தைக் கொடு", "எனக்கு என்ன கொண்டுவந்தாய்?" என்று கேட்பார்கள். பாதி விளையாட்டு. "நீ எனக்கு ஆட்டுக்குட்டி கொடு, அப்புறம் பார்க்கலாம்" என்று சிரித்துப் பதில் சொன்னால் அவரும் சிரிப்பார். பள்ளிக் கட்டணம், மருத்துவம் என்று உண்மையான தேவையோடு வருபவர்களும் உண்டு. தனித்தனியாகக் கொடுக்கத் தொடங்கினால் நிற்காது. பொறுப்பாளரிடம் கலந்து பேசி, பள்ளி வழியாகவோ மருத்துவமனை வழியாகவோ கொடுங்கள். பெயர்சூட்டு, சாவு, திருமணம் ஆகியவற்றில் மட்டும் எல்லோரையும் போல உங்கள் பங்கைக் கட்டாயம் போடுங்கள். டகோம்பா மக்களின் டம்பா விழாவிலும் திருமணத்திலும் லுங்கா என்ற முரசு வாசிப்பவர் உங்கள் முன் நின்று புகழ்ந்து கொட்டுவார். சில்லறை நோட்டுகளை முன்பே மாற்றி வைத்திருப்பது நல்லது.

படி 10: வேலை

இப்போதுதான் வேலைக்கு வருகிறோம். ஊரிலும் இந்த வரிசைதான்.

முதல் மாதம் எதையும் மாற்றாதீர்கள். பள்ளியென்றால் தலைமையாசிரியரின் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். விதைப்புக் காலத்திலும் ஷியா பொறுக்கும் மாதங்களிலும் சந்தை நாளிலும் வருகை சரியும். வறண்ட காலத்தில் மூத்த மாணவிகள் சிலர் அக்ரா, குமாசி சந்தைகளுக்குத் தலைச்சுமை வேலைக்குப் போய்விடுவார்கள். இதைத் தெரிந்துகொள்ளாமல் போடும் பாடத்திட்டம் காகிதத்தில்தான் இருக்கும். பிரம்படியைக் கல்வித்துறை தடை செய்திருக்கிறது, ஆனாலும் பிரம்பைப் பார்ப்பீர்கள். வகுப்பில் எல்லோர் முன்னாலும் சக ஆசிரியரைக் கண்டித்தால் அவர் முகம் கெடும், பிரம்பு போகாது. உங்கள் வகுப்பில் பிரம்பு இல்லாமல் பாடம் நடக்கிறது என்று காட்டுங்கள், பிறகு தனியாகப் பேசுங்கள்.

சுகாதார வேலைக்குப் போனவர்களுக்கு ஊரில் உள்ள 'சிப்ஸ்' என்ற சிறு சுகாதார நிலையத்தின் செவிலியர்தான் மேலதிகாரி. உங்கள் பட்டம் எதுவாக இருந்தாலும் சரி.

ஒரு கூட்டம் பத்து மணிக்கு என்றால் பதினொன்றுக்குத் தொடங்கும். பிரார்த்தனையில் தொடங்கிப் பிரார்த்தனையில் முடியும். எல்லோரும் தலையசைத்து ஒப்புக்கொண்ட முடிவு மறுநாள் நடக்கவில்லை என்றால், அந்தக் கூட்டத்தில் இல்லாத ஒருவர் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். யார் என்று பொறுப்பாளருக்குத் தெரியும்.

படி 11: காய்ச்சலும் பாம்பும்

காய்ச்சல் வந்தால் அன்றைக்கே விரல் குத்திச் சோதனை. சிப்ஸ் நிலையத்தில் செய்வார்கள். மாத்திரை போட்டுக்கொண்டுதான் இருந்தேன், மலேரியா வராது என்று நினைத்துக் காத்திருக்க வேண்டாம். வாந்தி, மயக்கம், குழப்பம் இருந்தால் நேராக தமாலே போதனா மருத்துவமனை. அவசர எண் 112. ஆனால் கிராமத்திலிருந்து வண்டி ஏற்பாடு செய்து வேகமாகக் கொண்டுபோவது பெரும்பாலும் பொறுப்பாளர்தான்.

வயலில் மழைக்காலத்தில் சுருட்டை விரியன் உண்டு, நம் ஊர் இனத்தின் ஆப்பிரிக்க உறவு. மூடிய காலணியும் டார்ச்சும் இல்லாமல் இருட்டில் நடக்காதீர்கள். இந்தியாவிலிருந்து பாம்புக்கடி மருந்து கொண்டுபோகலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். நம் விரியனின் நஞ்சுக்காகத் தயாரித்த மருந்து அந்த விரியனிடம் சரியாக வேலை செய்யாது. 2000-களில் அப்படி மாற்றி வாங்கிய மருந்தால் கானாவில் இறப்பு கூடிய அனுபவம் பதிவாகியிருக்கிறது.

பெண்களுக்கு: கல்யாணம் ஆயிற்றா என்ற கேள்வி தினமும் வரும், நம் ஊர்ப் பேருந்தில் வருவது போலவே. மாலைக்குப் பிறகு எங்கே போகிறீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். தொந்தரவு கொடுக்கும் ஆளைப் பற்றி நீங்கள் நேராகச் சண்டை போடுவதைவிட வீட்டு மூத்த பெண்மணியிடம் சொல்வது சீக்கிரம் பலிக்கும்.

படி 12: கிளம்புவது

கிளம்பும் தேதியைப் பல வாரம் முன்பே சொல்லுங்கள். உங்கள் வேலையை எடுத்துச் செய்யப் போகிறவரைத் தலைவர் முன்னால் கூட்டிப்போய், அவர் பெயரைச் சொல்லி ஒப்படையுங்கள். வந்தபோது போலவே கோலா, அதே ஊலானா, அதே குந்தல். சொல்லாமல் போனால் அடுத்து வரும் தன்னார்வலர் உங்கள் பெயரால் பதில் சொல்ல வேண்டியிருக்கும். வாளி, கொசுவலை, அடுப்பு எல்லாம் யாருக்கு என்பதை நீங்கள் தெருவில் வைத்துப் பங்கிடாமல் வீட்டுப் பெரியவரிடம் விடுங்கள்.

பதிலுக்கு ஊரும் ஏதாவது கொடுக்கும். உயிருள்ள கினிக்கோழியாக இருக்கலாம். விமானத்தில் ஏற்ற முடியாது என்று மறுக்க வேண்டாம். வாங்கி, அன்று இரவே வீட்டாரிடம் கொடுத்துச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

மஞ்சள் அட்டை கைப்பையில் இருக்கட்டும். தடுப்பு மாத்திரையைச் சொன்ன நாள் வரை விடாமல் போடுங்கள். திரும்பி வந்த ஓராண்டுக்குள் எப்போது காய்ச்சல் வந்தாலும், மருத்துவர் கேட்காவிட்டாலும் "மேற்கு ஆப்பிரிக்காவில் இருந்தேன், ஃபால்சிபாரம் சோதனை செய்யுங்கள்" என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.